வாசலில் இருந்து தொடங்கும் பயிற்சி

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், பழைய மாணவியான மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்படியான மேடையில் ஏறினால் பழைய நினைவுகளைப் பேசுவதுதான் வழக்கம். விடுதிச் சாப்பாடு, விளையாட்டுப்போட்டி, இல்லத்து அலங்காரம் எல்லாவற்றையும் காலையில் பேசியவர்கள் எங்களை விட நன்றாகப் பேசிவிட்டார்கள். விழாக்குழு எங்களிடம் கேட்டது வேறு. “உங்கள் தொழிலிலிருந்து, நாங்கள் போய்ச் செய்யக்கூடிய ஒரு விஷயத்தைச் சொல்லுங்கோ” என்றார்கள். ஆகவே ஓட்டிசம் பற்றிப் பேச வந்தோம். அதிலும் ஒரு சிறு பகுதியை மட்டும்: வைத்தியசாலை, வங்கி, தபாற்கந்தோர், பிரதேச செயலகம் போன்ற பொது இடங்களில் வேலை செய்பவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பயிற்சி. இந்தப் பயிற்சியை முதலில் யாருக்குக் கொடுப்பது என்று கேட்டால், பெரும்பாலும் மருத்துவர்களையும் ஆசிரியர்களையும் சொல்வார்கள். எங்கள் பதில் வாசலில் நிற்பவருக்கு என்பதுதான். ஏன் என்று சொல்லத்தான் இந்த நேரம்.

ஓட்டிசம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1943 இல் லியோ கனர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடு இது மருத்துவ உலகில் தனிப் பெயர் பெற்றது. மற்றவர்களோடு கலந்து பழகுவதும் தொடர்பாடுவதும் வேறு விதமாக இருக்கும். ஒரே ஒழுங்கு, ஒரே விருப்பம் என்று ஒன்றைப் பற்றிப்பிடித்துக்கொள்ளும் இயல்பு இருக்கும். இந்த இரண்டும் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். அதிகம் பேசப்படாதது மூன்றாவது விஷயம். சத்தம், வெளிச்சம், மணம், தொடுகை ஆகியவற்றை அவர்களின் புலன்கள் மிகக் கூடுதலாகவோ மிகக் குறைவாகவோ உணரும். 2013 இல் திருத்தப்பட்ட அமெரிக்க உளமருத்துவ வகைப்பாடுதான் இதை நோயறிதலுக்கான அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. தாய்மார் அதற்கு வெகுகாலம் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள்: “டொக்டர், குக்கர் விசிலடிச்சால் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு ஓடுறான்.”

இது வருத்தமல்ல, மருந்து கொடுத்து மாற்றும் ஒன்றுமல்ல. மூளை வளர்ச்சியிலேயே உள்ள வேறுபாடு. பிள்ளையோடு வளர்ந்து வாழ்நாள் முழுவதும் கூட இருக்கும். உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் என்பது 2021 ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. எங்கள் நாட்டில் ஓர் அரை நகர்ப்புறப் பகுதியில் 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வு 93 பேருக்கு ஒருவர் என்று கண்டது. அந்த ஆய்வில் இருந்த பிள்ளைகளின் வயதை இன்று கணக்கிட்டுப் பாருங்கள். அவர்கள் இப்போது பிள்ளைகள் அல்ல. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கிறார்கள், வங்கிக் கணக்குத் திறக்கிறார்கள், பல்லுக் கொதித்தால் கிளினிக்குக்கு வருகிறார்கள், வேலை தேடுகிறார்கள். ஓட்டிசம் என்றதும் நாம் இன்னும் நாலு வயதுப் பையனைத்தான் மனதில் வைத்திருக்கிறோம். கூட வரும் அம்மாவுக்கும் வயது போகிறது.

அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதையே பாருங்கள். முன்பின் தெரியாத படப்பிடிப்பு நிலையம். கண்ணில் அடிக்கும் வெளிச்சம். இரண்டு காதும் தெரிய வேண்டும், தலையைச் சரிக்கக்கூடாது, நேரே பார்க்க வேண்டும். படம் பிடிப்பவர் பொறுமை இழந்து நாடியைப் பிடித்துத் திருப்புகிறார். தொடுகையைத் தாங்க முடியாத பிள்ளைக்கு அந்த நாள் அங்கேயே முடிந்துவிடும். இதே பிள்ளைக்கு, “இந்த மின்வெட்டு மூன்று தரம் வரும், பிறகு வீட்டுக்குப் போகலாம்” என்று முன்கூட்டியே சொல்லி, ஒரு தரம் அம்மாவுக்கு அடித்துக் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

எங்கள் கிளினிக்குக்கு வருவோம். எங்கள் அறைக் கதவைத் திறப்பதற்கு முன் ஒருவர் எத்தனை பேரைக் கடந்து வருகிறார்? முதலில் வாயிற்காவலர். பிறகு இலக்கத் துண்டு கொடுப்பவர். பிறகு கிளினிக் கொப்பியை வாங்கி அடுக்குபவர். நிறை பார்க்கும் தாதி. வரிசையை ஒழுங்குபடுத்தும் சிற்றூழியர். இடையில் இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருக்க வேண்டும். மேலே கிறீச்சிடும் மின்விசிறி, சிமிட்டும் ரியூப்லைற், பினைல் மணம், சீமெந்துத் தரையில் இழுபடும் கதிரைகள், ஒலிபெருக்கியில் பெயர்கள். இவ்வளவையும் தாண்டி எங்களிடம் வரும்போது அந்த இளைஞர் பேசும் நிலையில் இல்லை. நாங்கள் படித்த படிப்பெல்லாம் அந்த இடத்தில் பயன்படாது. வாசலிலேயே ஒருவர் புரிந்துகொண்டு, “வானுக்குள்ளேயே இருங்கோ, உங்கட நம்பர் வர நான் போன் பண்ணுறன்” என்று சொல்லியிருந்தால் அவர் அமைதியாக வந்து எங்கே நோகிறது என்று காட்டியிருப்பார். அதற்குச் செலவு ஒரு தொலைபேசி அழைப்பு.

இப்போது மொழிக்கு வருகிறோம். பயிற்சியில் கூடுதல் சிரிப்பு வருவதும், கூடுதல் பயன் வருவதும் இந்தப் பகுதியில்தான். ஓட்டிசமுள்ளவர்களில் பலர் சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். எங்கள் கந்தோர்த் தமிழோ சொன்னபடி எதையும் சொல்லாத தமிழ். “கொஞ்சம் இருங்கோ” என்றால் ஐந்து நிமிடமும் ஆகலாம், ஐயா சாப்பிட்டு வரும் வரையும் ஆகலாம். “இப்ப வந்திடுவார்” என்றால் அவர் இன்று வரவில்லை என்றும் பொருள். “பிறகு பாப்பம்” என்றால் இல்லை என்று பொருள் என்பதை நாம் எல்லோரும் யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டோம். அதைக் கற்றுக்கொள்ளாத ஒருவர் நாளைக்கும் வருவார், நாளன்றைக்கும் வருவார், “பிறகு என்று சொன்னீங்களே” என்று கேட்பார். அவரைத் தொல்லை பிடித்தவர் என்று சொல்லுவோம். “உங்களுக்கு முன் 14 பேர் இருக்கிறார்கள், பதினொரு மணிக்குள் கூப்பிடுவோம், பிந்தினால் நானே வந்து சொல்லுவேன்” என்று சொல்லப் பழக்குவதுதான் பயிற்சி. இப்படிச் சொல்வது மற்ற நோயாளிகளுக்கும் நல்லதல்லவா என்று பயிற்சிக்கு வந்த ஒரு சிற்றூழியர் கேட்டார். நல்லதுதான். மூட்டுவலியோடு இருக்கும் ஆச்சியும் எத்தனை மணி என்று தெரிந்தால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார்.

கண்ணைப் பார்ப்பது இன்னொன்று. பெரியவர்களின் முகத்தை நேரே பார்த்துக் கதைக்காதே என்று சொல்லி வளர்க்கும் சமூகம் இது. அதே சமூகத்தில் கருமபீடத்தில் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்பவர் எதையோ மறைக்கிறார் என்று எண்ணுகிறோம். வீதியில் மறித்துக் கேட்கும்போது பார்வையைத் திருப்பினால், பதில் சொல்லப் பிந்தினால், பயந்து ஓடினால் என்ன நடக்கும் என்பதை இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. ஓட்டிசமுள்ள வளர்ந்த ஆண்பிள்ளைகளின் தாய்மார் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் கடினமானது அது: “நான் பக்கத்தில இல்லாத நேரம் பொலிஸ் மறிச்சால்?” பயிற்சிப் பட்டியலில் பொலிஸ் நிலையமும் இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

சத்தமும் கூட்டமும் தாங்க முடியாமல் ஒருவர் நிலைகுலையும் நேரம் வரும். கத்துவார், தலையில் அடித்துக்கொள்வார், தரையில் இருந்துவிடுவார். பார்ப்பவர்களுக்கு அது அடம்பிடித்தல் போலத் தெரியும். அடம் என்றால் கேட்டதைக் கொடுத்ததும் நிற்கும். இது நிற்காது, ஏனென்றால் அவர் எதையும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் இப்படி நடந்தால் உடனே பத்துப் பேர் கூடுவார்கள். ஒருவர் தண்ணீர் கொடுப்பார், ஒருவர் கையைப் பிடிப்பார், ஒருவர் அம்மாவுக்குப் புத்தி சொல்லுவார். எல்லாம் நல்ல மனதோடுதான். அந்தப் பத்துப் பேரையும் மெதுவாக அப்பால் அனுப்புவதுதான் அங்கே செய்ய வேண்டிய முதல் வேலை. ஒருவர் மட்டும் பேச வேண்டும், குறைந்த சொல்லில், குறைந்த குரலில். தலையில் காயம் படும் ஆபத்து இருந்தால் ஒரு துணியையோ தலையணையையோ இடையில் வைக்கலாம். பிறகு காத்திருக்க வேண்டும். நாங்கள் கண்ட அளவில் இதை நன்றாகச் செய்பவர்கள் வாயிற்காவலர்களும் சிற்றூழியர்களும்தான். கூட்டத்தைக் கலைக்கும் அனுபவம் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. யாரை விட வேண்டும், யாரைக் கூட்டிப்போக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

பயிற்சியை யார் நடத்துவது? நாங்கள் தொடக்கத்தில் அழைத்த விரிவுரையாளர் மூளையின் படத்தோடு வந்தார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள், மதிய நேரம் என்பதால் சிலர் கண்ணயர்ந்தார்கள். அடுத்த முறை, தன் ஓட்டிசத்தைப் பற்றித் தானே பேசக்கூடிய ஓர் இளைஞரையும் அவருடைய தாயாரையும் அழைத்தோம். என்ன கேட்பார் என்பதை அவருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தோம், மின்விசிறிகளில் ஒன்றை நிறுத்தினோம். “நான் பக்கத்தில நிக்கேக்க அம்மாட்ட, இவர் ஊசி போட விடுவாரோ எண்டு கேக்கிறீங்கள். என்னைக் கேளுங்கோ” என்று சொன்னார். அன்று யாரும் கண்ணயரவில்லை. அதன் பிறகு நாங்கள் வைத்த ஒரே நிபந்தனை, ஓட்டிசமுள்ள ஒருவர் முன்னால் இல்லாமல் பயிற்சி நடத்துவதில்லை என்பது. அவருக்கு விரிவுரையாளருக்குக் கொடுக்கும் அதே கொடுப்பனவைக் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். நினைவுப்பரிசும் கைதட்டலும் போதாது.

இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் தோழிகளுக்கு இது புதிதாக இராது. உங்களில் தேசிய சுகாதார சேவையில் வேலை செய்பவர்கள் ஒலிவர் மெக்கவன் பயிற்சியைச் செய்திருப்பீர்கள். ஒலிவர் 18 வயது இளைஞர். ஓட்டிசமும் வலிப்பும் சிறிய அளவில் கற்றல் குறைபாடும் இருந்தன. 2016 இல் வலிப்புக்காக வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். மனநோய்க்கான மருந்துகள் தனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று அவரும் சொன்னார், பெற்றோரும் சொன்னார்கள். அப்படியிருந்தும் அந்த வகை மருந்து கொடுக்கப்பட்டது. அதன் பக்கவிளைவால் அந்த நவம்பரில் இறந்தார். அவருடைய தாயார் போலா ஓயவில்லை. சுகாதார, பராமரிப்புப் பணியாளர்கள் ஒவ்வொருவரும் தம் வேலைக்குப் பொருத்தமான அளவில் ஓட்டிசம், கற்றல் குறைபாடு பற்றிய பயிற்சி பெற வேண்டும் என்பது இங்கிலாந்தில் 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. வரவேற்பு மேசையில் இருப்பவரும் அதற்குள் அடக்கம். பொதுவான அறிவு போதுமானவர்களுக்கு ஒன்றரை மணித்தியால இணையப் பாடமும், பிறகு ஒரு மணித்தியால நேரடி உரையாடலும். நேரில் பராமரிப்பவர்களுக்கு அந்தப் பாடத்தோடு முழுநாள் வகுப்பு. ஓட்டிசமுள்ளவர்களும் கற்றல் குறைபாடுள்ளவர்களும் கூட இருந்தே அதைக் கற்பிக்கிறார்கள். அந்த ஏற்பாட்டில் நாங்கள் பின்பற்ற விரும்புவது அதைத்தான்.

அங்கிருந்து இன்னொன்றும் உலகெங்கும் பரவியிருக்கிறது: சூரியகாந்திப் பூப் போட்ட பச்சைக் கழுத்துப்பட்டி. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர் என்பதற்கு அடையாளமாக 2016 இல் கட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது. எங்களிடம் அதைக் கொண்டுவரலாமா என்று பலர் கேட்கிறார்கள். பட்டியைப் பார்த்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பணியாளர் இல்லாத இடத்தில் அது வேடிக்கை பார்க்க ஒரு காரணமாகத்தான் முடியும் என்பது எங்கள் அபிப்பிராயம். பயிற்சி முதலில், பட்டி பிறகு.

எங்கள் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கு எடுப்பதிலும் கல்வி நிறுவனங்களில் சேர்ப்பதிலும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016 இல் நாடு ஏற்று உறுதிசெய்தது. பொதுக் கட்டடங்களில் எல்லோரும் நுழைய வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. அவற்றை நடைமுறைப்படுத்தும்படி 2011 இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் பல இடங்களில் வந்திருக்கிறது, சில இடங்களில் அதன் மேல் மோட்டார்சைக்கிள் நிற்கிறது என்றாலும். ஓட்டிசமுள்ளவருக்குச் சீமெந்தால் கட்டும் சாய்தளம் கிடையாது. கருமபீடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மனிதர்தான் அந்தச் சாய்தளம். மனிதருக்கு இடமாற்றம் வரும். நன்றாகப் பழகிய தாதி ஒருவர் தை மாதம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார், எல்லாம் பழையபடி. ஓரிடத்தில் அமைதியான அறை என்று ஒன்றை ஒதுக்கினார்கள், சில வாரங்களில் உடைந்த கதிரைகள் அதற்குள் போய்விட்டன. ஆகவே ஒரே ஒரு செயலமர்வும் குழுப்படமும் பத்திரிகைச் செய்தியும் போதாது. ஒவ்வோர் ஆண்டும் திரும்பச் செய்ய வேண்டும். புதிதாக வருபவர் முதல் கிழமையிலேயே வாசிக்க ஒரு பக்கம் கருமபீடத்தின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும்.

இதுவரை வாடிக்கையாளராக, நோயாளியாக வருபவரைப் பற்றிப் பேசினோம். பக்கத்து மேசையில் வேலை செய்பவரும் ஓட்டிசமுள்ளவராக இருக்கலாம். அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும்படி 1988 இலேயே பொது நிர்வாகச் சுற்றுநிருபம் வந்தது. இதைச் சொன்னால் திணைக்களத் தலைவர்களாக இருக்கும் எங்கள் தோழிகளே ஆச்சரியப்படுகிறார்கள். நேர்முகப் பரீட்சையில் ஐந்து பேருக்கு முன் இருந்து கண்ணைப் பார்த்துச் சரளமாகப் பேசுபவருக்கே புள்ளி. பதிவேட்டு அறையில் கோப்பு மாறாமல் வைக்கும் வேலைக்கு அந்தச் சரளம் எதற்கு? கேள்விகளை முதல்நாளே எழுத்தில் கொடுக்கலாம், அல்லது மூன்று நாள் வேலையைச் செய்ய விட்டுப் பார்க்கலாம். வேலைக்கு எடுத்த பிறகு, செய்ய வேண்டியதை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். மேசையை இடம் மாற்றுவதானால் முதல் கிழமையே சொல்லுங்கள். தேத்தண்ணி நேரத்தில் வந்து கதைக்கவில்லை என்பதற்காகத் தலைக்கனம் பிடித்தவர் என்று முடிவுகட்ட வேண்டாம். எல்லோரும் கணினி மேதைகள் என்ற எதிர்பார்ப்பையும் விட்டுவிடுங்கள். அதுவும் ஒரு பாரம்தான். சாதாரணமாக, ஒழுங்காக வேலை செய்து சம்பளம் எடுக்க அவர்களுக்கும் உரிமை உண்டு.

பெண்கள் கல்லூரியின் மேடையில் நின்று ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கனர் எழுதிய 11 பேரில் 3 பேர் பெண்பிள்ளைகள். ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லின. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017 ஆம் ஆண்டு ஆய்வு, ஒன்றுக்கு மூன்று என்பதுதான் உண்மைக்குக் கிட்ட என்றது. பெண்பிள்ளைகள் கண்ணில் படாமல் போவதற்கு ஒரு காரணம், அவர்கள் மற்றவர்களைப் பார்த்து அப்படியே செய்யப் பழகிவிடுவது. எப்போது சிரிக்க வேண்டும், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று மனனம் செய்து பகல் முழுக்க நடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு களைத்துக் கிடப்பார்கள். அடக்கமான பிள்ளை என்று அறிக்கையில் எழுதுவோம். இந்தக் கல்லூரியில் மணி அடித்தால் பாடம் மாறும், கதிரை மாறாது, சீருடை மாறாது. அந்த ஒழுங்கு அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்தது. வெளியே போய் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் பலர் சரிந்தார்கள். மனச்சோர்வு, பதற்றம் என்று முப்பது நாற்பது வயதில் வரும் பெண்களில் சிலருக்கு அடியில் இருப்பது ஓட்டிசம் என்பதை இப்போதுதான் மருத்துவ உலகம் கவனிக்கிறது. இந்த மண்டபத்தில் நானூறு பேர் அளவில் இருக்கிறோம். ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காமல் பின் தாழ்வாரத்தில் நின்று இதைக் கேட்பவர்கள் இருக்கக்கூடும். வெளியே நிற்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

இனிச் சங்கத்திடம் எங்கள் கோரிக்கை. நூற்றாண்டு நிதியில் என்ன செய்வது என்று நாளைக்குப் பொதுக்கூட்டத்தில் பேசப்போகிறீர்கள். மண்டபத்துக்குப் புதிய ஒலியமைப்பு பட்டியலில் இருக்கிறது. அது வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பயிற்சிக்குத் தேவைப்படுவது அதில் மிகச் சிறு பங்கு. அரைநாள், இருபது பேருக்கு மேற்படாத வகுப்பு, பயிற்றுநர் இருவருக்குக் கொடுப்பனவு, தேநீர், ஒரு பக்கம் அச்சிடும் செலவு. முதல் வகுப்பைக் கல்லூரியிலேயே வைப்போம்: வாயிற்காவலர், அலுவலக ஊழியர்கள், சிற்றுண்டிச்சாலை நடத்துபவர், விடுதி மேற்பார்வையாளர். அடுத்தது கல்லூரியைச் சுற்றி நடந்து போகும் தூரத்தில் உள்ள வங்கிக் கிளை, தபாற்கந்தோர், மருந்துக்கடை, பஸ் நிலைய நேரக் கண்காணிப்பாளர். எங்கள் பழைய மாணவிகள் பொறுப்பில் இருக்கும் கிளைகளாகப் பார்த்துத் தொடங்கினால் அனுமதிக்காக ஆறு மாதம் கடிதம் எழுத வேண்டி வராது. இங்கிலாந்தில் இந்தப் பயிற்சியைப் பெற்றவர்கள் ஒரு பக்கக் குறிப்பை எழுத உதவலாம். கொழும்பில் இருப்பவர்கள் அதைச் சிங்களத்திலும் ஆக்கித் தரலாம். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஓட்டிசமுள்ள பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாய்மார் எங்களுக்குள்ளேயே இருக்கிறீர்கள். கருமபீடத்தில் என்ன சொன்னபோது காரியம் நடந்தது, என்ன சொன்னபோது கெட்டது என்று உங்களுக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியாது. அதை எழுதித் தாருங்கள்.

நூலகத்துக்குப் பக்கத்து வகுப்பறையில் ஒரு மேசையும் கொப்பியும் வைத்திருக்கிறோம். பெயர், வேலை செய்யும் இடம், அங்கே வாசலில் நிற்பவர் யார் என்ற மூன்றையும் எழுதுங்கள். அந்த வகுப்பறையில் மின்விசிறியை நிறுத்தி யன்னல்களைத் திறந்து விட்டிருக்கிறோம், கதைக்க விருப்பமில்லாதவர்கள் எழுதிவிட்டுப் போகலாம்.